சிறு படகின் மின்மோட்டாருக்கு எந்த பேட்டரி? கணக்குப் போடுவதில் தொடங்கி வயர் மாட்டுவது வரை

பரங்கிப்பேட்டையில் வெள்ளாறு கடலோடு சேரும் கழிமுகத்தில், பன்னிரண்டடி ஃபைபர் படகு ஒன்றில் மின்மோட்டாரை மாட்டி நான் முதல் தடவை இறங்கியபோது, பேட்டரி பழைய காரிலிருந்து கழற்றியது. போகும்போது நீரோட்டம் கூடவே வந்ததால் மோட்டார் பிரமாதமாக இழுப்பதாக நினைத்துக்கொண்டேன். திரும்பும்போது அதே நீர் எதிரே வந்தது. இருபது நிமிடத்தில் மோட்டாரின் சத்தம் தேய்ந்து, விசிறி சுற்றுவதைக் கண்ணால் எண்ணலாம் போல ஆகிவிட்டது. கயிறு போட்டு இழுத்துக் கரை சேர்த்த பெரியவர் பேட்டரியைப் பார்த்துவிட்டு, "என்ன தம்பி, காரை ஸ்டார்ட் பண்றதை வச்சுப் படகு ஓட்ட வந்துட்டியா?" என்று சிரித்தார். "தெரியாமப் போச்சுண்ணே" என்பதைத் தவிர என்னிடம் பதில் இல்லை.

அதற்குப் பிறகு தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். பத்து முதல் பதினான்கு அடி வரை நீளமுள்ள படகு, இரண்டு மூன்று பேர், ஏரி, உப்பங்கழி, ஆறு. இதற்குள் நிற்கும் வரை இந்தக் கணக்கு செல்லும். கடலுக்குள் போவதற்கு இது பொருந்தாது.

முதல் படி: மோட்டார் எவ்வளவு ஆம்பியர் இழுக்கும்?

பேட்டரிக் கடைக்குப் போய் "நூறு ஏ.ஹெச். இருக்கா?" என்று கேட்பதில்தான் எல்லோரும் ஆரம்பிக்கிறார்கள். நானும் அப்படித்தான். ஏ.ஹெச். என்பது ஆம்பியர்-மணி, அதாவது ஆம்பியரையும் அது ஓடும் மணி நேரத்தையும் பெருக்கிய அளவு. ஆனால் கணக்கு மோட்டாரிலிருந்து தொடங்க வேண்டும்.

படகின் பின்புறமோ முன்புறமோ மாட்டும் ட்ரோலிங் மோட்டார்களின் இழுவிசையைப் பவுண்டில் சொல்வார்கள். படகு, ஆட்கள், பேட்டரி, சாமான் எல்லாம் சேர்த்து 100 கிலோவுக்கு நாலரை பவுண்டு என்பது பொதுவான அளவுகோல். 300 கிலோ என்றால் 13, 14 பவுண்டு. ஆனால் அது காற்றில்லாத நாளில், அசையாத குளத்தில். ஓட்டமும் காற்றும் உள்ள இடத்தில் அதைப்போல மூன்று மடங்காவது வைத்துக்கொள்ளுங்கள். 45 அல்லது 55 பவுண்டு மோட்டார் பலரிடம் இருப்பது இதனால்தான்.

12 வோல்ட் மோட்டாரில் ஒரு பவுண்டுக்கு ஏறக்குறைய ஓர் ஆம்பியர் என்று மனக்கணக்குப் போடலாம். 55 பவுண்டு மோட்டார் முழு வேகத்தில் 50 ஆம்பியர் அளவுக்கு, அதாவது 600 வாட், இழுக்கும். அதற்கு மேல் பெரிய மோட்டார்கள் 24 வோல்ட்டுக்குப் போய்விடும். 80 பவுண்டு மோட்டாருக்கு 24 வோல்ட்டில் 56 ஆம்பியர் வரை ஆகும். உங்கள் மோட்டாரின் கையேட்டில் அதிகபட்ச ஆம்பியர் இருக்கும். முதலில் அதைக் குறித்து வையுங்கள். பின்னால் ஃபியூஸ், வயர், பி.எம்.எஸ். (லித்தியம் பேட்டரிக்குள் இருந்து அதைக் காக்கும் மின்னணுப் பலகை) எல்லாவற்றுக்கும் அந்த எண்தான் தேவைப்படும்.

இரண்டாம் படி: வேகத்துக்கு ஆகும் செலவு

இந்த இடத்தில்தான் பலருக்கு நம்பிக்கை வராது. தண்ணீரில் வேகத்தைக் கூட்டக் கூட்ட, தேவைப்படும் சக்தி ஏறக்குறைய வேகத்தின் மும்மடிக் கணக்கில் ஏறும். பாதி வேகத்துக்கு எட்டில் ஒரு பங்கு சக்தி போதும். என் படகில் இரண்டு பேர் இருக்கும்போது முழு வேகம் மணிக்கு ஆறரை கிலோமீட்டர். அதற்கு 50 ஆம்பியர். குமிழைக் குறைத்து 20 ஆம்பியருக்குக் கொண்டுவந்தால் மணிக்கு 4.8 கிலோமீட்டர் கிடைக்கிறது. செலவு பாதிக்கும் கீழே போய்விட்டது, வேகம் கால் பங்குதான் குறைந்தது.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. வேகத்தை ஒரே சீராகக் கூட்டிக் குறைக்கும் மின்னணுக் கட்டுப்பாடு உள்ள மோட்டார்களில்தான் இந்த லாபம் முழுதாகக் கிடைக்கும். "ஒன்று, இரண்டு, மூன்று" என்று ஐந்து நிலையில் திருகும் மலிவான மோட்டார்கள் குறைந்த வேகத்தில் கொஞ்சம் மின்சாரத்தை வெப்பமாக வீணாக்கும். மோட்டாரை இன்னும் வாங்காதவர்கள் இதைக் கேட்டு வாங்குங்கள். பேட்டரியில் போடும் பணம் கொஞ்சம் மிச்சமாகும்.

மூன்றாம் படி: உங்கள் பயணத்தைக் கணக்கில் எழுதுங்கள்

காகிதம் எடுத்துக்கொள்ளுங்கள். நான் போகும் வழியையே உதாரணமாகச் சொல்கிறேன். 4 கிலோமீட்டர் போக வேண்டும், 4 கிலோமீட்டர் திரும்ப வேண்டும். 20 ஆம்பியரில் மணிக்கு 4.8 கிலோமீட்டர் என்றால் நின்ற நீரில் மொத்தம் ஒரு மணி நாற்பது நிமிடம். 33 ஆம்பியர்-மணி.

இப்போது மணிக்கு 2 கிலோமீட்டர் நீரோட்டத்தைச் சேர்த்துப் பாருங்கள். கூடவே போகும்போது 4 கிலோமீட்டருக்கு 35 நிமிடம். எதிர்த்து வரும்போது படகு நகர்வது மணிக்கு 2.8 கிலோமீட்டர்தான், ஒன்றரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறையும். மொத்தம் இரண்டு மணி நேரம், 40 ஆம்பியர்-மணி. போகும்போது கிடைத்த லாபம் வரும்போது பட்ட நஷ்டத்தை ஈடுகட்டாது என்பதைக் கவனியுங்கள். நஷ்டப்படும் நேரம்தான் நீளம்.

நீரோட்டம் 4 கிலோமீட்டர் ஆகிவிட்டால் 20 ஆம்பியரில் படகு கிட்டத்தட்ட நின்ற இடத்திலேயே நிற்கும். முழு வேகம் வைத்தால் மணிக்கு இரண்டரை கிலோமீட்டர் நகரலாம், ஆனால் அந்த 4 கிலோமீட்டருக்கே 80 ஆம்பியர்-மணி போய்விடும். ஆகவே கழிமுகத்தில் ஓட்டுபவர்கள் எந்த பேட்டரியை வாங்கினாலும் முதலில் நீர் ஏறும் நேரம், வற்றும் நேரம் தெரிந்து கிளம்ப வேண்டும். ஏற்றத்துக்கும் வற்றுக்கும் இடையே ஏறத்தாழ ஆறு மணி நேரம் இருக்கிறது. அதில் திட்டமிட்டால் செலவில்லாமல் பேட்டரியைப் பெரிதாக்கியது போலத்தான்.

சரி, 40 ஆம்பியர்-மணி தேவை. எதிர்பாராத காற்று, வலையில் சிக்கிய விசிறி, வழி தவறிய வாய்க்கால், இதற்கெல்லாம் ஒன்றரை மடங்கு வைக்கிறேன். 60 ஆம்பியர்-மணி எனக்கு உண்மையிலேயே பயன்பட வேண்டும். ஸ்டிக்கரில் எழுதியிருக்கும் எண்ணைப் பற்றி நான் பேசவில்லை. கையில் கிடைக்கும் அளவைச் சொல்கிறேன்.

நான்காம் படி: ஸ்டிக்கர் எண்ணும் கையில் கிடைப்பதும்

வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரியில் "150 ஏ.ஹெச். சி20" என்று போட்டிருப்பார்கள். இருபது மணி நேரத்தில் மெதுவாகக் காலி செய்தால் 150 கிடைக்கும் என்று அர்த்தம், அதாவது ஏழரை ஆம்பியர் வீதம். இது ஈயத் தட்டும் ஆசிடும் உள்ள லெட்-ஆசிட் பேட்டரி, வேகமாக இழுத்தால் அவ்வளவு கொடுக்காது. 100 ஏ.ஹெச். சி20 பேட்டரியை 50 ஆம்பியரில் இழுத்தால் 55 சொச்சம்தான் தேறும். 20 ஆம்பியரில் 70 கிடைக்கலாம்.

அதையும் முழுதாகக் காலி செய்ய முடியாது. பாதிக்குக் கீழே அடிக்கடி போனால் தட்டுகள் சீக்கிரம் கெட்டுவிடும். ஆக, 100 ஏ.ஹெச். லெட்-ஆசிடில் 20 ஆம்பியர் வீதம் நிம்மதியாக எடுக்கக்கூடியது 35 ஆம்பியர்-மணி. என் கணக்குப்படி வேண்டிய 60-ஐத் தொட 150 ஏ.ஹெச். ட்யூபுலர் (வீட்டு இன்வெர்ட்டர் வகை) வேண்டும். அது ஆசிடோடு 50 முதல் 60 கிலோ.

லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரியில் இந்தக் கழிவு இல்லை. 50 ஆம்பியரில் இழுத்தாலும் 100-க்குக் கிட்டத்தட்ட 100 தரும். 80 சதவீதம் வரை எடுத்தால் அதன் ஆயுளுக்குப் பெரிய குறை வராது. எனவே 100 ஏ.ஹெச். லித்தியம் ஒன்று எனக்கு 80 ஆம்பியர்-மணி கொடுக்கிறது. எடை 10 முதல் 13 கிலோ. பன்னிரண்டடி படகில் 45 கிலோ வித்தியாசம் என்பது பள்ளிக்கூடம் போகும் பிள்ளை ஒன்றைக் கூட ஏற்றியது போல. அந்த எடை பின்பக்கம் உட்கார்ந்தால் படகின் முன்பக்கம் தூக்கிக்கொண்டு, இழுவை கூடி, ஆம்பியர் இன்னும் ஏறும்.

ஐந்தாம் படி: வகையைத் தேர்ந்தெடுப்பது

கார், லாரி பேட்டரி வேண்டாம். ஸ்டார்ட்டரைச் சில நொடி சுற்ற நிறைய மின்சாரத்தை ஒரேயடியாகக் கொடுப்பதற்காக மெல்லிய தட்டுகளை நெருக்கமாக அடுக்கியிருப்பார்கள். அதை ஆழமாகக் காலி செய்து ஏற்றினால் சில டஜன் தடவையிலேயே சோர்ந்துவிடும். என் கார் பேட்டரி அந்த எல்லையைக்கூடத் தொடவில்லை.

ட்யூபுலர் இன்வெர்ட்டர் பேட்டரி ஆழமாகக் காலியாவதற்கென்றே செய்தது. கிடைப்பதும் சுலபம், விலையும் தெரிந்தது, பழையதைக் கொடுத்தால் எடைக்குக் கழித்துக்கொள்வார்கள். ஆனால் ஆடாமல் வீட்டு மூலையில் நிற்பதற்காக வடிவமைத்தது. படகு சாய்ந்தால் ஆசிட் கசியும். அதைவிட மோசம், பேட்டரிக்குள் கடல் நீர் புகுந்தால் நச்சான குளோரின் வாயு வரும். உப்பு நீரில் நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். நல்ல நீர் ஏரியில், ஆழமான தொட்டிக்குள் கட்டி வைத்தால் பரவாயில்லை.

ஈ-ரிக்‌ஷா பேட்டரி இதற்கு அண்ணன் தம்பி. ஆடி அசைவதைத் தாங்கும், ஒன்று முப்பது கிலோ அளவில் இருக்கும், 12 வோல்ட்டாகவே கிடைக்கும். எப்போதாவது குறைந்த தூரம் போகிறவருக்கு இது நியாயமான சமரசம். ஏ.ஜி.எம்., ஜெல் போன்ற மூடிய பேட்டரிகளில் ஆசிட் சிந்தாது. ஆனால் விலை லித்தியத்தை நோக்கி ஏறிவிடுகிறது, எடை இறங்குவதில்லை. எனக்கு அதில் ஒரு நியாயமும் தெரியவில்லை.

லித்தியத்தில் இரண்டு ஜாதி உண்டு. ஸ்கூட்டர்களில் வரும் நிக்கல் மாங்கனீஸ் கோபால்ட் செல்கள் எடை குறைந்தவை, ஆனால் சூடேறினால் கட்டுக்கடங்காமல் எரியும் குணம் அவற்றில் அதிகம். ஸ்க்ராப் ஸ்கூட்டரிலிருந்து கழற்றிய பேக்கை மலிவாகக் கிடைக்கிறது என்று படகில் வைக்கவே வைக்காதீர்கள். நடுத்தண்ணீரில் தீயிலிருந்து தள்ளி நிற்க இடம் கிடையாது. நமக்கு வேண்டியது அயர்ன் பாஸ்பேட். கேரளத்தில் வைக்கத்திலிருந்து தவணக்கடவுக்கு 2017 முதல் ஓடும், 75 பேரை ஏற்றும் 'ஆதித்யா' சூரியசக்திப் படகும் லித்தியம் பேட்டரியில்தான் ஓடுகிறது. எடை குறைந்தால் அதே மோட்டார் அதிக தூரம் தள்ளும் என்ற கணக்கு பெரிய படகுக்கும் சின்னப் படகுக்கும் ஒன்றுதான்.

விலையைப் பற்றி ஒரு வார்த்தை. லித்தியம் பல மடங்கு தடவை சார்ஜ் ஏறும், ஆகவே கடைசியில் மலிவு என்று கடைக்காரர் சொல்வார். கணக்கு சரிதான்: லெட்-ஆசிடை 400 தடவை, லித்தியத்தை 2,500 தடவை என்று வைத்தால் லித்தியம் தரும் மொத்த மின்சாரம் பத்து மடங்கு. ஆனால் வாரம் ஒரு தடவை போகிறவர் வருடத்துக்கு 50 தடவைதான் காலி செய்வார். 2,500-ஐத் தொட ஐம்பது வருடம் ஆகும்! அந்தக் கணக்கு தினமும் ஓட்டும் தொழிலாளிக்குத்தான். நம்மைப் போன்ற வார இறுதிக்காரருக்கு லித்தியத்தின் நியாயம் வேறு: எடை, அப்புறம் சும்மா கிடந்தாலும் கெடாத குணம். லெட்-ஆசிடைப் பாதி சார்ஜில் மாதக்கணக்கில் விட்டால் தட்டில் சல்பேட் படிந்து செத்துவிடும். நம் ஊர் வெயிலும் சேர்ந்துகொள்ளும். 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு பத்து டிகிரிக்கும் அதன் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். லித்தியத்தைப் பாதி சார்ஜில் நிழலில் வைத்துவிட்டு மழைக்காலம் முடிந்து எடுத்தாலும் அப்படியே இருக்கும்.

ஆறாம் படி: லித்தியம் வாங்கும்போது கேட்க வேண்டியவை

உள்ளே இருக்கும் பி.எம்.எஸ். தொடர்ந்து எத்தனை ஆம்பியர் தாங்கும் என்று கேளுங்கள். உச்சபட்சம் அல்ல, தொடர்ந்து. 50 ஆம்பியர் மோட்டாருக்கு 50 ஆம்பியர் பி.எம்.எஸ். போதாது, 100 வேண்டும். இல்லையென்றால் வெயிலில் சூடேறி, சரியாக நீரோட்டத்தை எதிர்க்கும் நேரம் பார்த்துத் துண்டித்துவிடும்.

24 வோல்ட்டுக்காக இரண்டு 12 வோல்ட் பேட்டரியைத் தொடரில் இணைப்பதாக இருந்தால், அதற்கு பி.எம்.எஸ். அனுமதிக்கிறதா என்று எழுத்தில் வாங்குங்கள். எல்லாமே அனுமதிப்பதில்லை. ஒரே நாளில் வாங்கிய ஒரே மாதிரி இரண்டாக இருக்க வேண்டும், இணைக்கும் முன் இரண்டையும் தனித்தனியாக முழுதாக ஏற்ற வேண்டும். நேரடியாக 24 வோல்ட் பேட்டரியே கிடைத்தால் அதுதான் தலைவலி இல்லாதது.

பெட்டி ஐ.பி.67 தரமா (தூசி புகாது, சிறிது நேரம் தண்ணீரில் மூழ்கினாலும் தாங்கும்) என்று பாருங்கள். அடுத்து, அளவு உண்மைதானா என்பதை வீட்டிலேயே சோதிக்கலாம். 55 வாட் கார் ஹெட்லைட் பல்பு நான்கை இணையாக மாட்டி, நடுவில் ஆம்பியர்-மணி எண்ணும் ஷன்ட் மீட்டரை வைத்து, முழு சார்ஜிலிருந்து எரிய விடுங்கள். 100 ஏ.ஹெச். பேட்டரி ஐந்தரை மணி நேரத்துக்குக் கிட்ட எரிய வேண்டும். மூன்றரையில் அணைந்தால் திருப்பிக் கொடுக்க வேண்டிய சரக்கு. பல்புகள் நன்றாகச் சுடும். தகரத் தட்டின் மேல் வைத்துச் செய்யுங்கள், பக்கத்தில் ஆள் இருக்கட்டும்.

அந்த ஷன்ட் மீட்டரைச் சோதனைக்குப் பின் படகிலேயே மாட்டிவிடுங்கள். லெட்-ஆசிடை ஓய்வாக வைத்து வோல்ட்மீட்டரில் பார்த்தால் 12.7 முழு, 12.2 பாதி என்று சொல்லிவிடலாம். லித்தியம் முக்கால்வாசி நேரம் 13 வோல்ட்டை ஒட்டியே நிற்கும். வோல்ட்டை வைத்து எதுவும் தெரியாது. லெட்-ஆசிட் சோர்ந்து சோர்ந்து நிற்கும். லித்தியம் சொல்லாமல் கொள்ளாமல் அணையும்.

ஏழாம் படி: வயர், ஃபியூஸ், இணைப்பு

50 ஆம்பியர் ஓடும்போது வயரின் தடிமனில் கஞ்சத்தனம் செய்தால் பேட்டரியில் போட்ட பணம் வயரில் சூடாகப் போகும். பேட்டரி முன்பக்கம், மோட்டார் பின்பக்கம், நடுவில் 3 மீட்டர் என்று வைப்போம். போக வர 6 மீட்டர். 6 ஸ்கொயர் எம்.எம். செம்பு வயரில் 0.9 வோல்ட் இழப்பு, அதாவது 7 சதவீதம். 10 ஸ்கொயர் எம்.எம். போட்டால் அரை வோல்ட். 16 போட்டால் 0.33 வோல்ட், மூன்று சதவீதத்துக்கும் கீழே. 16-ஐ வாங்குங்கள், அதுவும் வெள்ளீயம் பூசிய செம்பு இழை கிடைத்தால் இன்னும் நல்லது. சாதா செம்பு உப்புக் காற்றில் இன்சுலேஷனுக்குள்ளேயே பச்சை பிடித்துக் கெட்டுவிடும்.

பேட்டரியின் பிளஸ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 60 ஆம்பியர் பிரேக்கரோ ஃபியூஸோ வர வேண்டும். மோட்டார் பக்கத்தில் வைத்துப் பயனில்லை. வயர் நடுவில் உரசி ஷார்ட் ஆனால் அதைக் காப்பாற்ற வேண்டியது பேட்டரிப் பக்கத்து ஃபியூஸ்தான். முதலைவாய் க்ளிப் வேண்டாம். ஹைட்ராலிக் க்ரிம்பிங் உள்ள எலெக்ட்ரிக்கல் கடையில் வயர் முனையில் லக் (போல்ட் நுழையும் ஓட்டையுள்ள உலோக முனை) அடித்து, போல்ட் போட்டு இறுக்கி, மேலே வாசலின் தடவி, ரப்பர் மூடி போடுங்கள். ஓடிய பத்து நிமிடம் கழித்து ஒவ்வோர் இணைப்பையும் தொட்டுப் பாருங்கள். சுடும் இணைப்பு தளர்ந்த இணைப்பு.

எட்டாம் படி: சார்ஜர், இடம், வைத்துக் காப்பது

அயர்ன் பாஸ்பேட்டுக்கு 14.2 முதல் 14.6 வோல்ட்டில் நிற்கும் அதற்கான சார்ஜர் வேண்டும். பழைய லெட்-ஆசிட் சார்ஜர் சிலவற்றில் 15 வோல்ட்டைத் தாண்டும் ஈக்வலைசிங் கட்டம் உண்டு. அதை லித்தியத்தில் மாட்டக் கூடாது. 20 ஆம்பியர் சார்ஜர் 100 ஏ.ஹெச்.-ஐ ஐந்து மணி நேரத்தில் ஏற்றும். பன்னிரண்டு கிலோ என்பதால் ஸ்கூட்டரின் கால் வைக்கும் இடத்திலேயே வீட்டுக்குக் கொண்டுபோகலாம். ட்யூபுலர் வைத்திருந்த காலத்தில் கரையிலிருந்து வீட்டுக்கு ஆட்டோவும், தூக்க ஓர் ஆளும் தேடியது ஞாபகம் வருகிறது. ட்யூபுலரை மூடிய அறையில் சார்ஜ் போடாதீர்கள். ஹைட்ரஜன் வெளியேறும், காற்றோட்டம் வேண்டும்.

கூரை போட்ட படகுக்கு சோலார் பேனல் கேட்பவர்கள் உண்டு. 100 வாட் பேனல் நம் வெயிலில் நாளொன்றுக்கு 400 வாட்-மணி அளவுக்குத் தரும். ஓடிக்கொண்டே இருக்க அது போதாது. வாரம் முழுக்கக் கட்டிக் கிடக்கும் படகுக்குத் தாராளம். பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவில் வரும் சார்ஜ் கன்ட்ரோலரில் அயர்ன் பாஸ்பேட் அமைப்பு இருக்க வேண்டும்.

பேட்டரியைப் படகின் நடுவில், தரையிலிருந்து கொஞ்சம் தூக்கி, பட்டையால் இறுக்கிக் கட்டுங்கள். படகு சாய்ந்தால் முதலில் நகர்வது அதுதான்.

முதல் ஓட்டம் கரை ஓரமாகவே இருக்கட்டும். துடுப்பும் லைஃப் ஜாக்கெட்டும் படகில் இருக்கட்டும். நீர் நிற்கும் நேரம் பார்த்து இறங்கி, குமிழின் ஒவ்வொரு நிலையிலும் மீட்டர் காட்டும் ஆம்பியரையும், மொபைலில் ஜி.பி.எஸ். காட்டும் வேகத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் எண்கள் என்னுடையதைப் போல இருக்காது. நான் அதை ஒரு அட்டையில் எழுதி பேட்டரிப் பெட்டியின் மூடிக்குள் ஒட்டியிருக்கிறேன். அதன் கீழே பெரிய எழுத்தில் இன்னொரு வரி: "மூன்றில் ஒரு பங்கு போனதும் திரும்பு."